சனத்துக்கு நாலு நட்சத்திரம்

ஊரில் யுத்தம் முடிந்துகொண்டிருந்த அந்த மாதங்களில் நான் பயப்படுவதற்கு வேறு எவ்வளவோ இருந்தன. அவற்றோடு ஒரு விளையாட்டுக்கு வரப்போகும் விமர்சனமும் சேர்ந்துகொண்டது.

விளையாட்டு என்னுடையதில்லை. ஸ்காபரோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்த தம்பியுடையது. சொந்தத் தம்பியில்லை. பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் என்னோடு வேலை செய்தவன். ஒரே காரில் போய் ஒரே காரில் திரும்புவோம். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அவன் இங்கிலிசில் எழுதவும் தெரிந்தவன்.

கனடாவுக்கு வந்த புதிதில் அவன் ஒரு பிளாசாவில் பீட்சா போட்டான். பக்கத்துக் கடையில் வெள்ளைக்காரப் பெடியள் மேசையைச் சுற்றியிருந்து விளையாடுவார்களாம். பலகையும் காயும் தேவையில்லாத விளையாட்டு. ஒருவர் கதை சொல்லுவார்: ஒரு பாலத்தடிக்கு வந்திருக்கிறீர்கள், அக்கரையில் துவக்கோடு ஆட்கள் நிற்கிறார்கள், என்ன செய்யப்போகிறீர்கள்? மற்றவர்கள் தாங்கள் செய்வதைச் சொல்லுவார்கள். பலித்ததா இல்லையா என்று பகடை சொல்லும். பீட்சா கொண்டுபோனவன் அங்கேயே ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிட்டான்.

பிறகு தானே ஒன்றை எழுதினான். உலகமெல்லாம் எரிந்து முடிந்த பிறகு, கட்டளையிட ஆளில்லாமல் மிஞ்சிப்போன ஒரு படைப்பிரிவு வீடு தேடிப் போகிறது. வழியில் நஞ்சுக் காற்று, உருமாறிய நாய்கள், கொள்ளைக்காரர். சுருள்கம்பி போட்டுக் கட்டிய புத்தகமாக்கி அந்தக் கடையிலேயே விற்பனைக்கு வைத்தான். இப்படியான விளையாட்டுகளை விமர்சிக்கும் ஓர் இணையத்தளத்துக்கும் ஒரு பிரதி அனுப்பினான்.

"தம்பி, படை, துவக்கு எண்டெல்லாம் எழுதியிருக்கிறாய். உன்ர அகதிப் பேப்பர்ஸ் இன்னும் சரிவரேல்லை. இமிக்கிறேசன்காரர் உன்னை இயக்கப் பெடியனெண்டு பிடிச்சால்?" என்று கேட்டேன்.

"அண்ணை, உது விளையாட்டு."

"விளையாட்டாத்தான் எல்லாரும் தொடங்கினவை."

"உங்களுக்குப் பயப்பிட ஒண்டும் கிடைக்காட்டி, ஏன் கிடைக்கேல்லை எண்டு பயப்பிடுவியள்" என்று சிரித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் இருத்தி விளையாட வைத்தான். நான் படைவீரன். கதையில் முதல் ஷெல் விழுந்ததும் பங்கர் எங்கே என்று கேட்டேன். இருக்கு என்றான். போய் இருந்துவிட்டேன்.

"வெளியில வாங்கோ அண்ணை. கதை நகர வேணும்."

"ஷெல் நிக்கட்டும்."

பகடையை உருட்டினான். ஷெல் நிற்கவில்லை. பின்னேரம் மனைவி தேத்தண்ணி கொண்டு இறங்கி வந்தபோதும் என் வீரன் பங்கருக்குள்தான் இருந்தான். "உவர் ஊரிலயும் உப்பிடித்தான், பங்கருக்குள்ள போனால் சோத்துக்குத்தான் வெளியில வருவார்" என்றாள் மனைவி.

அப்போது அவனுடைய அக்காவும் அத்தானும் இரண்டு பிள்ளைகளும் வன்னியில், கடலோரத்து ஒடுங்கிய நிலத்தில் இருந்தார்கள். யாருடையதோ சற்றலைற் போனில் அக்கா கடைசியாகப் பேசியது மாசியில். "சனத்தோட சனமா நிக்கிறம்" என்றாராம். அதன்பிறகு சத்தமில்லை. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் போன் அவன் மடியிலேயே கிடக்கும்.

விமர்சனம் சித்திரையில் வந்தது. கடதாசியில் அச்செடுத்துக்கொண்டு காரில் ஏறினான். நாலு-சைபர்-ஒன்று பெருந்தெருவில் வாகனங்கள் அசையாமல் நின்றதால் எனக்கு வாசித்து விளங்கப்படுத்தினான்.

"நாலு நட்சத்திரம் அண்ணை. ஐஞ்சுக்கு நாலு."

ஆயுத விதிகள் சுலபமாம். காயத்துக்கான விதிகள் தேவைக்கு மேல் கொடூரமாம். மொழி கரடுமுரடு என்றாலும் வாசிக்கும்போது ஒரு குளிர் ஏறுகிறதாம். அதோடு நிறுத்திவிட்டான்.

"என்ன, கிழிச்சுப்போட்டானோ?"

"இல்லை. சனத்தைப் புகழ்ந்திருக்கிறான்."

புத்தகத்தில் ஓர் அட்டவணை உண்டு. படைப்பிரிவு றோட்டில் போகும்போது எதிரே என்ன வரும் என்பதைப் பகடை எண்ணைப் பார்த்து அதில் தேட வேண்டும். ஒரு எண்ணுக்கு நாய்கள், ஒன்றுக்கு மழை, ஒன்றுக்கு சனம். சனம் மூட்டை முடிச்சோடு கூட்டமாக வரும். அடிக்காது. உங்கள் தண்ணீரைக் குடிக்கும். உங்கள் நடை பாதியாகும். சுட்டால் குறையும், ஆனால் மிச்சம் பின்னாலேயே வரும். இவ்வளவையும் இங்கிலிசில் எழுதியவன், சனம் என்ற சொல்லை மட்டும் இங்கிலிஸ் எழுத்தில் அப்படியே விட்டிருந்தான்.

அவன் வாசித்தான்: "இந்த நூலின் ஆகச் சிறந்த கண்டுபிடிப்பு சனம் என்கிற மிருகம். எங்கிருந்து வருகிறது என்று ஆசிரியர் சொல்லாமல் விட்டது கெட்டித்தனம். இவ்வளவு பயங்கரமான ஒன்றை இந்த வகை விளையாட்டுகளில் நான் கண்டதில்லை. ஒரே குறை, அதற்குப் பல் இல்லை. அடுத்த பதிப்பில் தாக்கும் வலு கொடுக்கலாம்."

பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான். காரை ஒரு முழம் நகர்த்தினேன்.

"மிருகமெண்டோ?"

"ஓம்."

"நீ ஏன் இங்கிலிசில எழுதேல்லை?"

"இங்கிலிசில அதுக்கு என்ன அண்ணை? பீப்பிள் எண்டால் கடைக்குப் போறவை. சிவிலியன் ஆமிக்காரன்ர சொல்லு. கிரவுட் எண்டால் கிரிக்கெட் பாக்கிற ஆக்கள்." கடதாசியைத் திருப்பிப் பார்த்தான். "எழுதேக்க எனக்கு அது தமிழெண்டே தெரியேல்லை."

அன்று வேலை முடிந்து வந்ததுமே விமர்சகருக்கு எழுதினான்: சனம் என்றால் மனிதர், வீடுவாசலை விட்டு வருகிறவர்கள். என் அக்காவும் பிள்ளைகளும் இப்போது அப்படித்தான் நிற்கிறார்கள். விமர்சனத்தின் அடியில் ஒரு வரி திருத்தம் போடுங்கள்.

"கோவத்தில நாலு நட்சத்திரத்தையும் பிடுங்கிப்போட்டால்?" என்றேன்.

"பிடுங்கட்டும். ஒரு வரி போட்டாக் காணும் அண்ணை. வெளியில ஒரு ஆளாவது அதுகள் மனிசரெண்டு வாசிக்கட்டும்."

பதில் வரவில்லை. அந்த இணையத்தளத்தில் ஆட்கள் சனத்தைப் பற்றி எழுதத் தொடங்கினார்கள். ஒருவர் படமே வரைந்து போட்டிருந்தார். சாம்பல் நிறம், மயிரில்லாத தலை. மூட்டை முதுகிலிருந்து கூனாக முளைத்திருந்தது. தம்பி அதைப் பார்த்துவிட்டு, "இடுப்பில பிள்ளையைக் கீறேல்லை" என்று மட்டும் சொன்னான். கடையில் புத்தகம் முடிந்துபோய் இன்னும் கேட்டார்கள்.

வைகாசியில் எங்கள் ஆட்கள் யுத்தத்தை நிறுத்தச் சொல்லிப் பெருந்தெருவில் ஏறி வாகனங்களை மறித்து நின்றார்கள். என் மனைவியும் போனாள். வானொலியில் போக்குவரத்து எவ்வளவு தூரத்துக்கு நிற்கிறது என்பதைத் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். ஏன் நிற்கிறார்கள் என்பது ஒரு வசனத்தில் முடிந்துவிட்டது. கொஞ்ச நாளில் யுத்தமும் முடிந்ததாக அறிவித்தார்கள்.

விமர்சகரின் பதில் அதற்குப் பிறகுதான் வந்தது. மரியாதையான மனிதர். உங்கள் குடும்பத்துக்காக வருந்துகிறேன் என்று தொடங்கியிருந்தார். ஆனால் அகதிகள் எல்லா விளையாட்டிலும் வருகிறார்கள், அதை யாரும் நின்று வாசிப்பதில்லை, மிருகம் என்று நினைத்ததால்தான் எனக்கு நெஞ்சில் பட்டது, அதனால் விமர்சனத்தை மாற்றுவதாக இல்லை என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு சிரிக்கும் முகம் போட்டு, பல்லை மறந்துவிடாதீர்கள் என்றும் இருந்தது.

"நல்ல மனிசன்தான்" என்றான் தம்பி.

அவன் கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். முகாம்களிலிருந்து வெளியே வந்தவர்களை ஒவ்வொருவராகப் போனில் பிடித்து அக்கா குடும்பத்தைப் பற்றி விசாரித்தோம். ஒருவர், அக்காவைத் தண்ணீர் வரிசையில் கண்டதாகச் சொன்னார். எந்த மாதம் என்று கேட்டதற்கு, அங்கே மாதம் யார் பார்த்தது என்றார். இன்னொருவர், அந்தப் பக்கம் இருந்த சனத்தில் ஒருவரும் வரவில்லை என்றார்.

மாரி தொடங்கும்போது தம்பி இரண்டாம் பதிப்பைப் போட்டான். பல் கொடுக்கவில்லை. மனிதர் என்று விளக்கமும் எழுதவில்லை. அட்டவணையில் சனம் இருந்த எண்ணுக்கு நேரே, "றோட்டில் ஒருவரும் இல்லை" என்று ஒரு வரியை மட்டும் போட்டிருந்தான்.

அதே விமர்சகர் இரண்டு நட்சத்திரம் கொடுத்தார். அதையும் காரில் வைத்துத்தான் வாசித்தான். முதல் பதிப்பின் ஒரே அசல் கண்டுபிடிப்பை ஆசிரியர் காரணம் சொல்லாமல் நீக்கிவிட்டாராம். வெறும் றோட்டுக்கு எதற்கு ஒரு எண் என்றும் கேட்டிருந்தார்.

"அந்தாளுக்கு எழுதப்போறியோ?" என்று கேட்டேன்.

"என்னத்தை எழுத?" கடதாசியை மடித்துக் காலடியில் போட்டான். "கொஞ்சம் சுறுக்கா விடுங்கோ அண்ணை. பிந்தினால் சூப்பர்வைசர் கத்துவான்."