மேட்டு மணல் போன வீடுகள்

கற்பிட்டிக் கரையில் மேட்டடி என்றொரு சின்னப் பட்டினம். கடலுக்கும் ஊருக்கும் நடுவே தென்னை உயரத்துக்கு ஒரு மணல்மேடு. அதைத் தாண்டி வீடு கட்ட வழியில்லாததால் ஊர் ஒற்றைத் தெருவாக நீண்டுகொண்டே போனது. பள்ளிவாசல் மினாராவை மேட்டுக்கு மேலே தலைகாட்டும்படி கட்டினார்கள். இல்லாவிட்டால் கடலில் போகிறவனுக்கு இங்கே ஊர் இருப்பதே தெரியாது. நல்ல காணியெல்லாம் முன்பே போய்விட்டது. தொண்ணூறாம் ஆண்டுப் போரில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த முஸ்லிம்களுக்கு மேட்டடிப் பள்ளம்தான் வாய்த்தது.

ஹஃபீலா அந்தப் பள்ளத்தில்தான் கலியாணம் முடித்தாள், ஷம்லாவைப் பெற்றாள், புருஷன் மர்ஸூக்கைப் பறிகொடுத்தாள். முழங்கால் ஆழம் தோண்டினாலே தண்ணீர் ஊறும் நிலம். ஆகவே இறந்தவர்களை அடக்கும் மையவாடி மேட்டுச் சரிவில். உயிரோடு இருப்பவர்கள் சேற்றில், மவுத்தானவர்கள் காய்ந்த மணலில். என்ன ஊரோ!

மன்னாரில் உம்மாவை அடக்கிய கபுறுக்கு ஒரு ஸலாம்கூடச் சொல்லாமல் ஓடி வந்தவள் அவள். அந்த வேக்காடு ஆறவேயில்லை. “உங்கள விட்டுட்டு எங்கயும் போகமாட்டன்” என்று மையவாடி வேலியோரம் நின்று மர்ஸூக்கிடம் சொல்லிவிட்டு வருவாள்.

மகளுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் நடக்குமா? பள்ளத்தில் வீடென்றால் முதலில் நிலத்தை உயர்த்த வேண்டும். எல்லாரும் செய்ததைத்தான் அவளும் செய்தாள். மேட்டின் அடியில் மணல் வெட்டுவித்தாள்.

“ராத்தா, மேல மையவாடி இருக்கே,” என்று இழுத்தான் டிரக்டர்கார ஹிஸ்புல்லா.

“அது மேலதானே தம்பி. நீங்க கீழ வெட்டுங்க.”

வீடு எழும்பியது. கார்த்திகை மழையில் மேடு சரிந்து புது வீட்டுக் குசினியை மூடியது. உள்ளே ஆளில்லை, அல்லாஹ் காப்பாற்றினான். மணலுக்கு மேலே மர்ஸூக்கின் கபுறில் நட்டிருந்த மீசான் கல் மட்டும் கிடந்தது. ஆட்கள் மண்வெட்டியோடு தேடிக் களைத்தார்கள். மர்ஸூக் அகப்படவில்லை.

“மணலை எடுக்காட்டி சுவர் விழுந்திரும் உம்மா,” என்று அழுதாள் ஷம்லா. “வீடு இல்லாம எனக்கு என்ன நிக்காஹ்?”

ஹஃபீலா மீசான் கல்லை மடியில் வைத்து, ஒட்டியிருந்த மணலை முந்தானையால் துடைத்தாள். “எடுக்கச் சொல்லு,” என்றாள் கடைசியில்.

ஓசி மணல் என்றால் விடுவார்களா? பள்ளத்துச் சனமெல்லாம் அள்ளிக்கொண்டு போய்த் தங்கள் நிலத்தை உயர்த்திக்கொண்டது.

ஷம்லாவின் கலியாணம் நடந்தது. ஹஃபீலா இப்போது தெருவில் போகும்போது ஒவ்வொரு வாசலிலும் நின்று, தலையைக் குனிந்து, தரையைப் பார்த்து ஸலாம் சொல்கிறாள். உள்ளேயிருந்து யாராவது, “வஅலைக்கும் ஸலாம், வாங்க ராத்தா” என்பார்கள். அவள் அடுத்த வீட்டுக்குப் போவாள்.