கிளாலிக்குப் பிரியும் கோடு

போன சனிக்கிழமை வெஸ்ட்கேட்டில் ஒரு வீட்டுச்சாமான் கடையில் மகள் திரைச்சீலை தேடிக்கொண்டிருந்தாள். தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் என் வேலை. பொழுது போகாமல் பாத்திரம் துடைக்கும் துணிகளைப் புரட்டினேன். ஒன்றில் அந்தப் படம் இருந்தது. இங்கிலாந்தின் பழைய சாலையொன்று நீள நாடா போலக் கீழேயிருந்து மேலே போகிறது. பிறகு பக்கத்து நாடாவில் மறுபடி கீழேயிருந்து தொடங்குகிறது. நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் ஒரு காலத்தில் வாரத்துக்கு ஒன்றாவது பார்த்தவன். மகள் எட்டிப் பார்த்து, "ஓல்ட் மேப்தானே, அப்பா" என்றாள். ஓம் என்று சொல்லித் துணியை மடித்து வைத்தேன். சரியாக மடிக்க வரவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், இந்த நாட்டுக்கு வந்த புதிதில், ஹென்டர்சனில், படங்களுக்குச் சட்டம் போடும் சின்னக் கடையொன்றில் எனக்கு வேலை. ஊரில் வங்கியில் கழுத்துப்பட்டியோடு உட்கார்ந்திருந்த ஆள், இங்கே விரல் முழுக்க பிளாஸ்டரோடு மரம் அறுத்தேன். இன்றைக்கும் எங்காவது மரத்தூளும் பசையும் சேர்ந்து மணந்தால், வெட்டுப்பட்ட விரல்தான் முதலில் ஞாபகம் வரும். முதலாளி வயதான இங்கிலாந்துக்காரர். அவரைப் போலக் கப்பலேறி வந்தவர்கள், தங்கள் ஊருக்குப் போகும் சாலையை வீட்டுச் சுவரில் மாட்ட ஆசைப்பட்டு அந்தப் படங்களைக் கொண்டுவருவார்கள். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்தவை.

வடக்கு எப்போதும் மேலே இருக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்தப் பேச்சே அவற்றில் இல்லை. சாலைதான் நேரே மேலே போகும். வளைவுக்குத் தக்கபடி வடக்குத்தான் சுற்றித் திரியும். அதற்காக ஒவ்வொரு நாடாவிலும் தனியாக ஒரு திசைகாட்டி. பாலம், கோவில், காற்றாலை, சத்திரம் எல்லாம் வழிப்போக்கன் காணும் வரிசையில் வரும். அவன் ஏறும் மலை நிமிர்ந்து நிற்கும், இறங்கும் மலை தலைகீழாகக் கிடக்கும். நான் அதைக் கண்டுவிட்டு, செதுக்கினவன் பிழை விட்டிருக்கிறான் என்று பெரிய கண்டுபிடிப்பாக முதலாளியிடம் சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்து இருமத் தொடங்கிவிட்டார். பிரிந்துபோகும் பாதைகளை மட்டும் நகமளவு கீறி, 'இன்ன ஊருக்கு' என்று எழுதி விட்டுவிடுவார்கள். அதற்கு அங்கால் வெறும் தாள். உனக்கு அங்கே என்ன அலுவல், நீ நேரே போ என்கிற மாதிரி.

ஈரம் பட்டுக் கறுத்த படமொன்றை முதலாளி எனக்குத் தந்தார். பிளாக்ஹவுஸ் பேயில் நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து ரென்டுக்கு இருந்த வீட்டில், சமைக்கிற குசினிச் சுவரில் அதை மாட்டினேன். மற்றவர் யோகன் அண்ணை. ஊரில் யாழ்ப்பாணம்–கிளிநொச்சி பஸ் ஓட்டினவர், இங்கே பேக்கரியின் பாண் வான் ஓட்டினார். வீட்டுக்குள் அவர் வந்தால் பாண் வாசமும் வரும். மனைவி வசந்தியும் மகள் துளசியும் ஊரில். அவர் அங்கிருந்து வெளிக்கிட்டபோது பிள்ளை தவழ்ந்துகொண்டிருந்ததாம். விசாவுக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

அந்தப் படத்தை அவர் தேத்தண்ணி ஆறும்வரை பார்த்தார். "இது எங்கட ஆக்கள் கீறின மாதிரியெல்லோ இருக்கு. ட்ரைவருக்கு இவ்வளவும் காணும், வேற ஒண்டும் தேவையில்லை" என்றார்.

தொண்ணூற்றைந்தின் கடைசியில் ஆமி நெருங்கி வர, யாழ்ப்பாணம் முழுக்க எழும்பி, அண்ணை பஸ் ஓட்டின அந்த ஒரே சாலையால் நடந்தது. உங்களுக்குத் தெரியும், அதை நான் விவரிக்கப்போவதில்லை. எங்களுக்கு அது தொலைபேசி மணிச் சத்தமாகத்தான் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை யோகன் அண்ணை என் கடைத் துண்டு அட்டைகளை எடுத்து, பஸ் ஓடிய சாலையைக் கீழேயிருந்து மேலே கீறினார். நாவற்குழிப் பாலம், கைதடி, சாவகச்சேரிச் சந்தை, கொடிகாமம், மிருசுவில், பளை, ஆனையிறவு. எந்த இடத்தில் புளியமரம், எந்த வளைவில் கிழவி ஒருத்தி கச்சான் கடலை விற்பாள் என்பதுகூட இருந்தது. மிருசுவிலுக்கு அங்கால் வலப்பக்கம் நகமளவு ஒரு கோடு. பக்கத்தில் 'கிளாலிக்கு' என்று எழுதினார். நான் நல்ல மரத்தில் சட்டம் போட்டு, கண்ணாடி இல்லாமல் கொடுத்தேன், தாயும் பிள்ளையும் வந்து சேர்ந்த இடத்தில் ஆணி குத்த வேண்டுமே. கடையிலிருந்து சின்னப் பித்தளை ஆணியொன்றும் கொண்டுவந்தேன்.

பக்கத்துத் தெரு றீற்றா அக்கா மன்னார்க்காரி. அவவின் அண்ணா ஊரில் தேவாலயத்துப் பாதர். அவர் மூலம் செய்தி வரும். "யோகன், உங்கட வசந்தியையும் பிள்ளையையும் சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்தில கண்டவையாம்" என்பா. ஆணி சாவகச்சேரிக்கு ஏறும். பிறகு கொடிகாமத்துக்கு ஏறியது. அதற்குப் பிறகு ஏறவில்லை.

மாதங்கள் போயின. ஆனையிறவில் ஆமி, அந்த வழி அடைப்பு, சனம் கிளாலிக்கு இறங்கி வள்ளத்தில் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்குப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோட்டை நீட்டிக் கீறுங்கோவன் என்று ஒருநாள் சொன்னேன்.

"அவள் அதால போகமாட்டாள். மெயின் றோட்டை விட்டு இறங்க வேண்டாம், அப்பதான் நான் தேடிப் பிடிக்கலாம் எண்டு ஊரில நிக்கிற மச்சானிட்டச் சொல்லி விட்டனான்."

பஸ் ஓட்டினவருக்கு, சாலையை விட்டு இறங்கிய ஆள் தொலைந்த ஆள்.

அடுத்த வருசம் தொலைபேசி வந்தது. வசந்தி வன்னியில் இருக்கிறா. துளசி இல்லை. மலேரியாக் காய்ச்சல். யோகன் அண்ணை றிசீவரை வைத்துவிட்டு, மறுநாள் போட வேண்டிய சேட்டை அயர்ன் பண்ணினார். மடிப்பு விழாமல், கொலர், கை, முதுகு என்று முழுதாக. அன்றைக்கு நான் அழுதேன், அவர் அழவில்லை. பிறகொரு நாள், "பிள்ளையை எங்க புதைச்சு வச்சிருக்கினம் எண்டு கேக்க எனக்கு வாய் வரேல்லை" என்றார். ஆணி கொடிகாமத்திலேயே நின்றது.

விசா கிடைத்து வசந்தி வந்து சேர இன்னும் இரண்டு வருசம் ஆனது. விமான நிலையத்திலிருந்து கூட்டிவந்து, குசினியில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தோம். அவ கோப்பையை வைத்துவிட்டுச் சுவருக்குப் போனா. அடியில் விரலை வைத்து மெல்ல மேலே ஏறினா. பாலம், சந்தை, கொடிகாமம். ஆணியைத் தொட்டா.

"நீங்கள் சொன்னபடி இதில கன நாள் நிண்டனாங்கள். சண்டை கிட்ட வந்தாப் பிறகுதான் இறங்கினது."

விரல் கிளாலிக் கோட்டில் திரும்பியது. கோடு முடிந்தது, அட்டை முடிந்தது, மரச்சட்டமும் முடிந்தது. விரல் நிற்கவில்லை. வெறும் சுவரில் போய்க்கொண்டே இருந்து, மின்விளக்கு ஸ்விட்சுக்குச் சற்று மேலே நின்றது.

"பிள்ளையைத் தாட்டது இதில. ஒரு பாலை மரத்துக்குக் கீழ."

யோகன் அண்ணை கொடிகாமத்து ஆணியைப் பிடுங்கி, அவவின் விரல் நின்ற இடத்தில் அடித்தார். அன்றைக்குத்தான் அவர் அழுதார். நான் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தேன். அந்த மாதமே ஹென்டர்சனில் அறை பார்த்துக்கொண்டு விலகினேன்.

போர் முடிந்த பிறகு இருவரும் வன்னிக்குப் போனார்கள். காடு தள்ளப்பட்டு, மரங்கள் இல்லாமல், எங்கும் ஒரே செம்மண்ணாகக் கிடந்ததாம். வசந்தி மூன்று நாள் தேடினாவாம். திரும்பி வந்து அவர் என்னிடம் சொன்னது: "அங்க ஒண்டும் இல்லையடா. இஞ்சதான் இருக்கிறாள்." வீட்டுக்காரன் சுவருக்குப் பெயின்ட் அடிக்க ஆள் அனுப்பியபோது, குசினியை விடச் சொல்லி மன்றாடினார். ஆணிக்குக் கீழே சின்னத் தட்டில் செவ்வரத்தம்பூ இருக்கும். ஸ்விட்சைப் போடக் கை வைக்கும்போது நாங்கள் எல்லோரும் கொஞ்சம் ஒதுங்கிப் போடுவோம்.

நான் வேலை செய்த சட்டம் போடும் கடை எப்போதோ மூடிவிட்டது. முதலாளியும் போய்விட்டார். பிளாக்ஹவுஸ் பே வீட்டை வாங்கினவர்கள் அதை இடித்து, அந்தக் காணியில் மாடி வீடுகள் கட்டினார்கள். இடிக்க முதல் யோகன் அண்ணை சட்டத்தையும் ஆணியையும் கழற்றிக்கொண்டு வெஸ்ட்கேட்டில் புது வீட்டுக்கு வந்தார். மாட்டித் தரச் சொல்லி என்னைத்தான் கூப்பிட்டார். புதுச் சுவர், புதுப் பெயின்ட் மணம். மட்டம் பார்த்து மாட்டினேன். அவர் ஆணியோடு பக்கத்தில் நின்றார்.

வசந்தி வந்து விரலை வைத்தா. பாலம், சந்தை, கொடிகாமம், கிளாலிக் கோடு, மரச்சட்டம். விரல் வெள்ளைச் சுவருக்கு இறங்கியது. கொஞ்சம் போய் நின்றது. பின்னுக்கு வந்தது. மறுபடி போனது.

"அங்க ஸ்விட்ச் இருந்ததப்பா" என்றா. "இதில எவ்வளவு தூரம் எண்டு தெரியேல்லை."

யோகன் அண்ணை ஆணியைச் சேட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.