லமினேற் செய்த பொம்மையாட்டம்

எனக்கு ஜப்பானியக் கலை படிப்பித்த பேராசிரியை, தன் சொந்தச் சேகரிப்பிலிருந்து பழைய மரக்கட்டை அச்சுப்படம் ஒன்றைக் கட்டுரைக்காக இரண்டு நாள் தந்திருந்தார். கட்டுரை நன்றாக வந்தால் அருங்காட்சியகத்தின் அச்சுப்பட அறையில் வேலைக்குப் பரிந்துரைக் கடிதமும் தருவதாகச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அந்தக் கடிதத்துக்காக அப்பா கோயிலில் அர்ச்சனையே செய்துவிட்டார்.

படத்தில் பொம்மையாட்ட அரங்கு. கறுப்புத் துணியால் முகம் மூடிய மூன்று பேர் ஒரு பெண்பொம்மையை ஆட்டுகிறார்கள். பொம்மை அழுகிறது. முன்வரிசையில் ஒருவன் அதைப் பாராமல் சோற்றுப்பெட்டியைத் திறக்கிறான். அவனைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை வேலை முடிந்து வந்தபோது அப்பா கதவடியில் நின்றார்.

“உந்தப் படத்தைச் சும்மா கடதாசி உறைக்குள்ளை வைச்சிருக்கிறாய். தண்ணி கிண்ணி பட்டால்? பிளாசாக் கடையிலை குடுத்து லமினேற் செய்விச்சனான். கடைக்காரப் பெடியன் சொல்லுறான், ‘அண்ணை, உங்கடை லான்டிங் பேப்பரைவிட வடிவாய் வந்திருக்கு’ எண்டு.”

ஊரில் போருக்குள் இடம்பெயர்ந்தபோது எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள் மழையில் கூழாகிப் போயின. அதன்பிறகு, கனடாவில் குடியேறக் கிடைத்த தாள் உட்பட, வீட்டுக்கு வந்த முக்கியமான தாள் எதையும் அப்பா பிளாஸ்டிக்குக்குள் அடைக்காமல் விட்டதில்லை.

பொம்மையின் முகம் பளபளத்தது. சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக். உரித்தால் தாளும் கிழிந்து வரும்.

“பழுதாக்கிப் போட்டியளப்பா.”

“பழுதோ? வடிவாயெல்லோ இருக்கு?”

விளங்கப்படுத்தினேன். படத்தின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, “செய்தது நான். நானும் வாறன்,” என்றார்.

திங்கட்கிழமை இரண்டு பேரும் போனோம். பேராசிரியை அதை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தார். யார் செய்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான்தான் என்று சொல்ல ஸ்காபரோவிலிருந்து பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்திருந்தேன்.

“என் அப்பா,” என்றேன் ஆங்கிலத்தில். “அவர் படிக்காதவர்.”

அப்பா வேலை தேடிப் போன இடமெல்லாம் கேட்டுப் பழகிய வார்த்தைகள் அவை. அவருக்கு விளங்கியது.

“யெஸ். நோ ஸ்கூல்,” என்றார். “சொறி, மேடம்.”

பேராசிரியை அவரிடம் தணிவாகத்தான் பேசினார். என்னிடம், ஒப்படைத்த பொருளைக் காக்கத் தெரியாத ஒருவரை அந்த அறைக்குப் பரிந்துரைக்க முடியாது என்றார். நியாயம்தான்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா கேட்டார்:

“கடிதம் தருவாவோ?”

“இல்லை.”

“நான் வராமல் விட்டிருக்கலாம், என்ன?”

அதில்லை அப்பா என்று சொல்லியிருக்க வேண்டும்.

“ஓம்,” என்றேன்.