சுகிர்தமக்காவைப் பார்த்துப் பாடிய சபை

எங்கள் சபையில் யாரைப் பற்றியாவது எழுதுவதென்றால் போதகரைப் பற்றி எழுது என்பார்கள். போதகர் வருவார், மாற்றலாகிப் போவார். நான் சுகிர்தமக்காவைப் பற்றித்தான் எழுதுவேன். யார் கோபித்துக்கொண்டாலும் சரி.

அக்கா சோமனூரில் விசைத்தறி ஓட்டுகிறவர். கல்யாணத்துக்கு முன்பே தறிக்கூடத்துக்குள் போனவர், அந்தச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. அவருடைய சோமனூர்ச் சபையில் முக்கால்வாசிப் பேர் தறிக்காரர்கள்தான். கூடத்துக்குள் கத்தினாலும் கேட்காது என்பதால் வாயசைவைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள். கோயிலிலும் அதே வழக்கம். அக்கா சபையைப் பார்த்து நின்று பாடுவார், மற்றவர்கள் அவர் வாயைப் பார்த்துப் பாடுவார்கள்.

நாங்கள் செங்காட்டுப்புதூர்க்காரர்கள். தென்னையும் வாழையும் வைத்துப் பிழைக்கிறவர்கள். ரோட்டை அகலப்படுத்தியதில் சோமனூர்க் கோயில் இடிபட்டது. இரண்டும் பிரஸ்பிட்டேரியன் சபைதானே, ஒன்றாக்கிவிடலாம் என்று அவர்களை எங்கள் கோயிலுக்கு வரச் சொன்னார்கள். ஒரு வருஷம் சேர்ந்து இருந்து பாருங்கள், அறுப்பின் பண்டிகையன்று ஆராதனையில் கேட்போம், சேர்ந்தே இருக்க விருப்பமுள்ளவர்கள் எழுந்து நில்லுங்கள் என்றார்கள் மூப்பர்கள். வேண்டாம் என்று முடிவானால் எங்களுக்கு ஒன்றுமில்லை. அக்காவின் ஆட்கள்தான் தெருவில் நிற்கவேண்டும்.

அந்த ஒரு வருஷம் இருக்கிறதே, அப்பப்பா! கீபோர்டு வாசிப்பது நான். பாட்டுக் குழுவுக்குத் தலைவி என் வீட்டுக்காரி ஜெயசீலி. அவள் எடுத்தால் பாட்டு நிதானமாக நடக்கும். தறிக்காரர்களுக்கு ஓட்டம்தான், அதுவும் தொண்டை கிழிய. எங்கள் குழு பீடத்தைப் பார்த்து நின்றுதான் பாடும். அக்காவையும் அந்த வரிசையில் நிறுத்தியதால் அவர் ஆட்களுக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. நாங்கள் இரண்டாம் அடியில் இருக்கும்போதே அவர்கள் மூன்றாம் அடியை முடித்திருப்பார்கள். நடுவில் மாட்டிக்கொண்டு நான் யார் பின்னால் போவது?

"ஏனுங்க, அவிங்க பின்னாடி எதுக்குங்க ஓடறீங்க? வெக்கமா இல்லீங்களா?" என்று ஜெயசீலி ஞாயிற்றுக்கிழமைதோறும் சோறு போடும்போது கேட்பாள். சோறு இறங்குமா?

பாட்டில் தொடங்கிய மனத்தாங்கல் செருப்பு விடுகிற இடம்வரைக்கும் வந்தது. பிரிந்தே போய்விடலாம் என்று இரண்டு பக்கமும் பேச்சு எழுந்தது. அக்கா ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார். "போறதுக்கு எடம் எங்க கண்ணு இருக்குது?" என்று கேட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பண்டிகையும் வந்தது. பீடத்துக்கு முன்னால் பூசணிக்காய், வாழைத்தார், இளநீர்க்குலை, காலைக் கட்டிய சேவல் ஒன்று. தறிக்காரர்கள் தாங்கள் நெய்த துணியை மடித்து வைத்திருந்தார்கள். முதல் சரணத்திலேயே பாட்டு உடைந்தது. பின்னால் யாரோ சிரித்துத் தொலைத்தார்கள். ஜெயசீலி பாட்டை நிறுத்திவிட்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நானும் கையை எடுத்துவிட்டேன்.

சுகிர்தமக்கா வரிசையை விட்டு வெளியே வந்தார். கோபித்துக்கொண்டு கிளம்புகிறார் என்றுதான் நினைத்தோம். அவரோ பூசணிக்காய்களுக்கு நடுவே போய், பீடத்துக்கு முதுகைக் காட்டி, ஜெயசீலிக்கு நேர் எதிரே நின்றார்.

"நீ பாடு அம்மணி. உன்ற வாயப் பாத்து நான் பாடறேன். என்ற ஆளுங்க என்னயப் பாத்துப் பாடிக்குவாங்க."

ஜெயசீலியின் முகம் சிவந்துபோனது. "சரிங்கக்கா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பாட்டை எடுத்தாள்.

வந்தது பாருங்கள்! அவள் வாயை அக்கா பிடித்தார், அக்காவின் வாயைத் தறிக்காரர்கள் பிடித்தார்கள். ஒரு வருஷமாக அடித்துக்கொண்ட இரண்டு கூட்டமும் ஒரே தொண்டையாகப் பாடியது. சேவல்கூடப் பயந்து கூவியது. கடைசிச் சரணத்தில் என் வீட்டுக்காரியே ஓட ஆரம்பித்துவிட்டாள், தறிக்காரர்கள் வேகத்துக்கு! நான் அழுதுகொண்டே வாசித்தேன். சொல்ல எனக்கென்ன வெட்கம்?

பாட்டு முடிந்தும் யாரும் உட்காரவில்லை. மூப்பர் திணறிப்போனார். "எல்லாரும் ஒருக்கா உக்காருங்க. அப்பத்தானுங்க யாரு எந்திரிக்கறாங்கன்னு தெரியும்" என்று கெஞ்சினார். ஒருவரும் உட்காரவில்லை. கால் கட்டியிருந்த சேவல் மட்டும்தான் உட்கார்ந்திருந்தது. பிறகு அவரே சிரித்துவிட்டார். "செரி, சேந்தே இருந்துக்கறமுங்க" என்று அவர் அறிவித்ததும் கோயிலே அதிரும்படி கைதட்டல்.

அந்த இரைச்சலில் அக்காவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. "என்ன அம்மணி சொல்றாரு?" என்று பதறிப்போய் ஜெயசீலியின் கையைப் பிடித்தார்.

ஜெயசீலி கத்தவில்லை. அக்காவின் முகத்துக்கு நேரே நின்று, சத்தமே இல்லாமல் வாயை மட்டும் நிறுத்தி நிறுத்தி அசைத்தாள். பக்கத்தில் இருந்த எனக்கும் அது தெளிவாகப் புரிந்தது.

"இது உங்க கோயிலுங்கக்கா."