காலை எடுத்தவன் நான்

செனாவாங் சந்தையில் கணவாய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. "மணியண்ணன் போயிட்டாரு லா. சுங்கை காடுட் பேக்டரியில காலை ஷிப்டுக்கு வந்து உட்கார்ந்தவரு எழுந்திரிக்கல," என்றான் மீன்காரன். வாங்காமல் திரும்பினேன் என்று எழுத ஆசைதான். அரை கிலோ வாங்கிக்கொண்டே வந்தேன்.

அவரைப் பேக்டரி ஆளாக மட்டும் அறிந்தவர்களுக்கு ஒரு சேதி. எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் லிங்கி பக்கத்துத் தோட்டத்தில் லாரி, டிராக்டர் பழுதுபார்த்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில், தவுக்கே என்று நாங்கள் அழைத்த சீன முதலாளி ஒருவரின் பழைய பந்தயக் காரைத் தயார்செய்வார். முன்சக்கரம் இழுக்கும் வண்டி. வளைவில் திருப்பினாலும் நேராகவே போகப் பார்க்கும். அதற்காகப் பின்பக்க ஸ்பிரிங்கைக் கட்டியாக்கி, முன்பக்கத்தை இளக்கினார். ரப்பர் ஷீட் நிறுக்கும் தராசில் சக்கரம் சக்கரமாக ஏற்றி எடை பார்த்தார். வண்டியை ஓட்டுகிறவன் என்பதால் நானும் உள்ளே உட்கார வேண்டியிருந்தது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி எட்டிப் பார்த்தார்.

"ஏன்டா மணி, ஷீட்டு தராசுல இவன் எதுக்கு?"

"சுமையையும் சேர்த்து நிறுக்கணும் லா கிராணி. வண்டிய சரி பண்ணிட்டேன். இவனத்தான் என்ன பண்றதுன்னு தெரியல."

கடற்கரைச் சாலையை அடைத்து நடந்த பந்தயம் அது. கார் நல்லபடியாக முடித்தால் மணியண்ணனைக் கோலாலம்பூர்ப் பட்டறைக்கே எடுத்துக்கொள்வதாகத் தவுக்கே சொல்லியிருந்தார். புறப்படும்முன் அண்ணன் ஜன்னலருகே குனிந்தார். "வளைவுக்கு முன்னாடியே பிரேக் போட்டுக்க. உள்ள போயிட்டா எண்ணெய் பெடல்ல இருந்து கால எடுக்காத. எடுத்தியோ, வண்டி வாலு முன்னால வந்துரும்."

ஆறு சுற்று வேக மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. ஏழாவதும் கடைசியுமான சுற்றில் வளைவு கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டதாகத் தோன்றியது. எடுத்தேன். கார் தட்டாமாலை சுற்றிப் புதரில் உட்கார்ந்தது.

கூட்டத்தில் எனக்குப் பெண் தருவதாக இருந்த சிரம்பான்காரர் நின்றிருந்தார். அவர் காதில் விழும்படி, "வாலு தானா வந்துருச்சு தவுக்கே," என்றேன். மணியண்ணன் சாலையில் டயர் தடம் தொடங்கிய இடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆமா தவுக்கே. நான்தான் பின்னால ரொம்ப கட்டியா வச்சிட்டேன்."

தவுக்கே வேறு ஆளை எடுத்துக்கொண்டார். என் கல்யாணப் பந்தியில் அண்ணனிடம் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "பயந்தாங்கொள்ளிக்கு எவன் பொண்ணு குடுப்பான்? எனக்கு வேற வேலை வரும். சாப்புடு," என்றார். வந்தது பேக்டரி வேலை. பதினான்கு வருடம் ஒரே அளவுத் திருகை இறுக்கினார். உண்மையைச் சொல்லத் தவுக்கேயிடம் இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் தேத்தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

நேற்று சாவு வீட்டில் யாரோ, "ஒரு வண்டியக்கூட ஒழுங்கா அமைக்கத் தெரியாத கை," என்றார். "அவரே அப்படித்தான் சொல்லுவாரு," என்றார் அண்ணி. அங்கேயும் நான் வாயைத் திறக்கவில்லை.

வண்டி சரியாகத்தான் இருந்தது, அண்ணி. ஆறு சுற்றும் அவர் சொன்னபடியே திரும்பியது. அவர் நினைவாக என்னிடம் இருப்பவை அந்த ஆறு சுற்றுகள்தாம். ஏழாவது என்னுடையது.