அரை மாத்திரை ஆணழகன்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு பாக்கு வியாபாரி கார்டு போட்டிருக்கிறார். வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர். நாலே வரி.

'ஏனுங்க, எட்டு வாரமா சாப்பாட்டைப் பத்தியே எழுதிப்போட்டு இருக்கீங்க. ஒரு வாரம் பருப்பு போளி, ஒரு வாரம் அரிசிம்பருப்பு சோறு, போன வாரம் பக்கம் முழுக்கத் தேங்காய்ச் சட்னி. ஊட்டுல சோறு போடறதில்லீங்களா?'

எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். எட்டு இல்லை... ஒன்பது வாரம். பஸ் கண்டக்டரைப் பற்றி ஆரம்பித்த கட்டுரைகூட நாலாவது பாராவில் நெய்யில் போய் நின்றிருக்கிறது.

இனி மறைத்துப் பயனில்லை. ஊட்டில் சோறு போடவில்லைதான். போட வேண்டாம் என்று சொன்னது நான். ஆணழகன் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன்.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள். காத்திருக்கிறேன்.

எனக்கு நாற்பத்தியொரு வயது. பஞ்சாலையில் டைம் ஆபீஸ் கிளார்க். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள் என்று எழுதி வைக்கிற உத்தியோகம். இந்தப் பத்திக்குப் படம் போடுகிற ஓவியர் முதலில் என்னைப் பார்த்ததே இல்லை. அதனால் ரொம்ப நாள் என்னை ஒல்லியாகத்தான் வரைந்துகொண்டிருந்தார். போன தீபாவளிக்கு நேரில் பார்த்தார். அடுத்த வாரத்திலிருந்து படத்தில் தொந்தி.

ரோஷம் வருமா, வராதா?

ஜிம்முக்குப் போனேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சிமென்ட் தரை. பக்கத்து ஃபவுண்டரியில் ரிஜெக்ட் ஆன பம்ப்செட் உருப்படிகள்தான் அங்கே வெயிட். எது எத்தனை கிலோ என்று யாருக்கும் தெரியாது. "சார் இன்னைக்கு ரெண்டு பம்பு தூக்கிட்டாருங்க" என்றால் பாராட்டு.

அங்கே கிடைத்த நண்பர்தான் ஜப்பார் பாய். நாற்பத்து மூன்று வயது. கோட்டைமேட்டில் பேக்கரி வைத்திருக்கிறார். காலையிலிருந்து சாயங்காலம்வரை வர்க்கி, தேங்காய் பன், டீ கேக். அவர்தான் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைக் காட்டினார். சூலூரில் இயற்கை ஆணழகன் போட்டி. சதை ஏற்றுகிற ஊசி, மாத்திரை எடுக்காதவர்களுக்கு மட்டும். நாற்பது தாண்டியவர்களுக்குத் தனிப் பிரிவு.

"நம்மளுக்குன்னே வெச்சிருக்காங்க சார். பேர் குடுத்துப்போடலாமுங்களா?"

கொடுத்துப்போட்டோம்.

பன்னிரண்டு வாரம் டயட். எண்ணெய் கிடையாது. சர்க்கரை கிடையாது. தேங்காய் கிடையாது — கோயமுத்தூர்க்காரனிடம் தேங்காயைப் பிடுங்குவது என்றால் என்ன என்று மற்ற ஊர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. முளைகட்டிய பச்சைப்பயறு, அவித்த கோழி, கொள்ளு. தினம் பன்னிரண்டு முட்டையில் வெள்ளைக்கரு மட்டும். மஞ்சள்கருவை என் மனைவி கோமதி எதிர்வீட்டு நாய்க்கு வைத்தாள். மூன்றே மாதத்தில் அது கன்றுக்குட்டி மாதிரி ஆகிவிட்டது. தோளும் தொடையும் பளபளவென்று... எனக்குப் பதிலாக அது மேடை ஏறியிருக்கலாம்.

"அடுப்பு முன்னாடி எப்படி பாய் இருக்கறீங்க?" என்று ஜப்பார் பாயைக் கேட்டேன்.

"வாசனையைச் சாப்பிட்டுக்கறேனுங்க. அதுல கொழுப்பு இல்லீங்களே" என்றார். ஆனால், கண் கலங்கியிருந்தது.

ஒன்பதாவது வாரத்தில் சத்தியமங்கலத்தில் கோமதியின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து, இலையை மூடி வைத்துவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்து பச்சைப்பயறு தின்றேன். கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளவென்று தொங்க, பார்க்க எப்படி இருந்திருப்பேன்! சட்டைக்குள்ளே வயிற்றுத் தசையில் நாலு கட்டு விழுந்திருந்தது யாருக்குத் தெரியும்?

கோமதியின் சின்னம்மா ஓடி வந்துவிட்டார். "என்ன கண்ணு, மாப்பிள்ளைக்குச் சக்கரை வந்துபோச்சா?"

கோமதி என்னைப் பார்த்தாள். சின்னம்மாவைப் பார்த்தாள். தன் புருஷன் ஜட்டியோடு மேடையில் நிற்கப்போவதை எப்படிச் சொல்வது?

"ஆமாங்க சின்னம்மா. சக்கரைதானுங்க" என்றாள்.

அடுத்த வாரம் முழுக்க எங்கள் வீட்டுக்கு ஆப்பிள் வந்தது. சொந்தபந்தம் வரிசையாக வந்து, கட்டில் ஓரம் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் ஆகாதுங்க மாப்ள" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என் உடம்பு வாழ்க்கையிலேயே மிக நன்றாக இருந்த வாரம் அது.

இனிமேல் சொல்லப்போவதுதான் சொல்லக் கஷ்டமானது.

போட்டிக்குப் பத்து நாள் முன்னால் உப்பை நிறுத்தினோம். இருந்தும், கண்ணாடியில் பார்த்தால் வயிற்றின்மேல் ஒரு மெல்லிய சவ்வு போல ஏதோ மூடியிருந்தது. தோலுக்கடியில் நிற்கிற தண்ணீர். உக்கடம் பழைய புத்தகக் கடையில் வாங்கிய வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் அதற்கு வழி போட்டிருந்தது — சிறுநீர் பிரிய வைக்கிற மாத்திரை. ஊரில் நீர் மாத்திரை என்பார்கள். எங்களோடு இருக்கிற என் மாமனார் ரத்தக்கொதிப்புக்கு அதைத்தான் போடுகிறார்.

போட்டி அன்று காலை ஏழு மணிக்கு அவர் டப்பாவிலிருந்து அரை மாத்திரை எடுத்து விழுங்கினேன். ஏற்கெனவே அவர் பாதியாக உடைத்து வைத்திருந்தது. அரைதானே? முழு மாத்திரைதானே மாத்திரை? அரையை யாராவது மாத்திரை என்று சொல்வார்களா? பசியில் இருக்கிற மூளை எப்படியெல்லாம் வாதாடுகிறது பாருங்கள்.

கோமதியிடம் சொல்லவில்லை. ஜப்பார் பாயிடமும் சொல்லவில்லை.

சூலூரில் ஒரு கல்யாண மண்டபம். உடம்பெல்லாம் நல்லெண்ணெய் பூசிக்கொண்டு முப்பது பேர். மூன்று மாதம் பட்டினி கிடந்த முப்பது பேரின் மூக்கில் நல்லெண்ணெய் வாசனை ஏறினால் என்ன ஆகும்? ஒருத்தரும் மேடையைப் பற்றிப் பேசவில்லை. இட்லிப்பொடியைப் பற்றித்தான் பேச்சு.

போட்டியை நடத்தியவர் ஆறுமுகம் என்கிற விசைத்தறி முதலாளி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மைக்கைப் பிடித்தார்.

"இயற்கைப் போட்டின்னு சொல்லிப்போட்டோமுங்க. ரத்தம், மூத்திரம் எடுத்து டெஸ்ட் பண்ற வசதி நம்மகிட்ட இல்லீங்க. என் தம்பி ஊசி போட்டுப் போட்டு, கிட்னி போயி, ஆறு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தானுங்க. அதை நான் பக்கத்துல இருந்து பார்த்தவன். அதனால எல்லாரும் ஒருத்தர் ஒருத்தரா வந்து, எந்த மருந்தும் எடுக்கலைன்னு கற்பூரத்தை அடிச்சுச் சத்தியம் பண்ணிப்போடுங்க."

மேடையில் ஒரு தாம்பாளத்தில் கற்பூரம் எரிந்தது. முதல் காரியமாக, பின்வரிசையில் நின்ற ரெண்டு பெரிய உடம்புகள் ஒரு வார்த்தை பேசாமல் லுங்கியைக் கட்டிக்கொண்டு வெளியே போயின. பைக் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. அதில் ஒருவர், மூன்றே பேர் இருந்த எங்கள் நாற்பது தாண்டியோர் பிரிவுக்காரர்.

மிச்சமிருந்தவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கற்பூரம் ஆயிற்றே!

முதல் பையன் கையை நீட்டிவிட்டு மடக்கிக்கொண்டான். "அண்ணா, போன மாசம் நாய் கடிச்சு ஊசி போட்டேனுங்க. அது சேருங்களா?"

ஆறுமுகம் தலைமை நடுவரைப் பார்த்தார். நடுவர் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர், சிரிக்கவே தெரியாதவர். யோசித்தார். "நாய்க்கடி ஊசி சேராது."

அடுத்தவன், "மந்திரிச்ச கயிறு கட்டியிருக்கேனுங்க. பலம் வர்றதுக்கு" என்றான்.

"வாயில போட்டாத்தான் மருந்து. இடுப்புல கட்டினாப் பரவால்ல."

மூன்றாவது ஆள், "எங்கம்மா தினம் லேகியம் குடுக்குமுங்க. அதுல என்ன போட்டிருக்குன்னு தெரியலீங்க" என்றான். கூட்டத்திலிருந்து ஒரு அம்மாள் எழுந்து நின்று, "சுக்கும் கருப்பட்டியும்தான்டா! வேறென்னத்தப் போட்டுப்போட்டேன்?" என்று கத்தினார். லேகியம் அனுமதிக்கப்பட்டது.

ஜப்பார் பாய் முறை வந்தது. ஆறுமுகம் தயங்கினார். "பாய், உங்களுக்கு இது சரிப்படாதுங்களே?"

"பொய் சொல்றதும் எங்களுக்குச் சரிப்படாதுங்க. ஒண்ணும் எடுக்கலீங்க. படைச்சவனுக்குத் தெரியும். போதுங்களா?"

"போதுமுங்க" என்று கும்பிட்டார் ஆறுமுகம்.

அடுத்தது நான். என்னைத்தான் காணோமே!

கழிப்பறையில் இருந்தேன். மாத்திரை வேலையை ஆரம்பித்துவிட்டது. திரும்பி வந்து வரிசையின் கடைசியில் நின்றேன். கற்பூரத்தை நெருங்கும்போது மறுபடியும் ஓட்டம். மறுபடியும் கடைசி. முந்தின நாளிலிருந்து சரியாகத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இவ்வளவு எங்கேயிருந்து வருகிறது? நாலாவது முறை திரும்பி வந்தபோது வரிசையே இல்லை. எல்லாரும் சத்தியம் செய்து முடித்திருந்தார்கள். கற்பூரம், ஆறுமுகம், நான். மண்டபம் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏனுங்க சார், வயிறு சரியில்லீங்களா?" என்றார் ஆறுமுகம். கரிசனமாகத்தான் கேட்டார்.

எவ்வளவு நல்ல கேள்வி! ஆமாங்க என்று ஒரு வார்த்தை. அதோடு முடிந்தது. கை தானாகக் கற்பூரத்தை நோக்கிப் போனது. சூடு உள்ளங்கையில் பட்டது. முன்வரிசையில் கோமதி. சொந்தக்காரர்களிடம் மூன்று வாரமாக எனக்காகச் சக்கரை வியாதிக்காரன் பெண்டாட்டியாக நடித்துக்கொண்டிருந்தவள்.

"வயிறு நல்லாத்தான் இருக்குங்க" என்றேன். "காலைல நீர் மாத்திரை போட்டேனுங்க. அரை."

"அரையா?"

"அரைதானுங்க."

ஆறுமுகம் நடுவரைப் பார்த்தார். நடுவர் இந்தமுறை யோசிக்கவே இல்லை. "அரையும் முழுசும் ஒண்ணுதான்."

மேடையிலிருந்து இறங்கும்போது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். கட்டைபோல முறுக்குகிறது, வலி உயிர் போகிறது. ஜப்பார் பாய் ஓடி வந்து காலை நீவினார். ஆறுமுகம் மைக்கை வைத்துவிட்டு வந்தார். அவர் அப்படித் திட்டுவார் என்று நான் நினைக்கவில்லை.

"உப்பு இல்லாம, தண்ணி இல்லாம, அதுக்கு மேல இந்த மாத்திரையுமுங்களா? மேடையில நெஞ்சு நின்னுபோயிருந்தா என்ன பண்ணுவீங்க? இந்த அம்மணிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" அவருக்குத் தம்பி ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

யாரோ ஒரு சொம்பு மோர் கொண்டுவந்தார்கள். கல் உப்பு போட்டுக் கலக்கியது. பத்து நாள் கழித்து நாக்கில் உப்பு! அழுதுவிட்டேன். கால்வலியில் அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

கோமதி சொம்பை வாங்கி, இன்னொரு சொம்பு ஊற்றிக் கொடுத்தாள்.

நாற்பது தாண்டியோர் பிரிவில் மிச்சம் ஜப்பார் பாய் ஒருவர்தான். டிரில் மாஸ்டருக்கு விதி என்றால் விதி. போட்டியாளர்களை இடம் மாற்றி நிறுத்தி ஒப்பிடுகிற விதி கையில் இருந்த தாளில் இருந்தது; அப்படியே படித்தார்.

"எண் பதினேழு, உங்கள் வலதுபக்கம் நிற்பவரோடு இடம் மாறி நில்லுங்கள்."

ஜப்பார் பாய் வலதுபக்கம் பார்த்தார். திரை ஆடிக்கொண்டிருந்தது. மரியாதையாக ரெண்டடி தள்ளி நின்றார்.

"இப்போது மீண்டும் பழைய இடத்துக்கு."

வந்தார். கை முஷ்டியை மடக்கி, நரம்பு தெறிக்க, யாரும் இல்லாத பக்கம் ஒருமுறை முறைத்தும் பார்த்தார். கூட்டம் விசில் அடித்தது. நடுவர்கள் மூன்று பேர் தலையைச் சேர்த்துக்கொண்டு கால்மணி நேரம் விவாதித்தார்கள். பிறகு அறிவித்தார்கள் — முதல் பரிசுக்குரிய தரத்தை யாரும் எட்டாததால், எண் பதினேழுக்கு இரண்டாம் பரிசு.

கப்பைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தவரிடம் வருத்தமா என்று கேட்டேன்.

"ரெண்டாவது வந்ததுல ரொம்பச் சந்தோசமுங்க சார். மொதல்ல வந்தது யாருன்னுதான் தெரியலீங்க."

கோமதி பேசியது திரும்பி வரும்போதுதான். கோயமுத்தூர் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஏனுங்க, அப்பாவுக்கு இன்னைக்கு அரை மாத்திரை குறையுது. அவருக்குப் போய் மொதல்ல சொல்லிப்போடுங்க."

சொன்னேன். மாமனார் டப்பாவைத் திறந்து பார்த்தார். "கேட்டிருந்தா முழுசாவே குடுத்திருப்பேனுங்களே மாப்ள" என்றார். அந்த நாளிலேயே அதுதான் என்னை ஓங்கி அடித்தது.

நேற்று ஆறுமுகம் மில்லுக்கே தேடி வந்துவிட்டார். காலைப் பற்றி விசாரித்தார். டீ குடித்தார். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார்.

"அடுத்த வருசம் கற்பூரத் தட்டை நீங்கதான் பிடிக்கோணுமுங்க. யார் என்ன முழுங்கியிருக்காங்கன்னு மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிக்கறதுக்கு அனுபவஸ்தர் ஒருத்தர் வேணுமுங்க."

ஒப்புக்கொண்டுவிட்டேன். திருடன் கையில் சாவி என்பார்கள்... பரவாயில்லை, பூட்டு எங்கே ஆடுகிறது என்று அவனுக்குத்தானே தெரியும்!