வெலீயிட்டி என்றொரு ஆசை

குடும்பநல நீதிமன்றத்தில் அவர் பேசுகிற எதுவும் அவருடைய பேச்சு இல்லை. மொழிபெயர்ப்பாளர் வேலை அப்படி. புருஷன் "நான்" என்றால் இவரும் "நான்" என்று சொல்ல வேண்டும். பெண்டாட்டி "நான்" என்றாலும் அதே கதைதான். அடுத்தவர் வீட்டுச் சண்டையையெல்லாம் தொண்டையில் போட்டு அரைத்துவிட்டு வீடு திரும்பினால், சாப்பிடுகிறாயா என்ற கேள்விக்குத் தலையை மட்டும்தான் ஆட்டுவார்.

"ஊருக்கெல்லாம் பேசிட்டு வந்து எனக்கு ஊமைப்படம் காட்டுறா" என்பார் அவர் கணவர்.

அன்று பிற்பகல் ஒரு தையல்காரியின் விவாகரத்து வழக்கு. பிரிந்துபோன கணவன், திரும்பி வந்து சேர்ந்து வாழ ஆசைப்படுவதாகவும், அதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டுமென்றும் மறுபடி மனு போட்டிருந்தான். இதுவரை கேட்டபோதெல்லாம் அவளும் சரி சரி என்று தலையாட்டி வந்திருந்தாள். இப்போதும் ஆட்டினால் வழக்கு இன்னும் இழுக்கும்.

மனுவைப் படித்த நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இது வெறும் "வெலீயிட்டி" என்றார் ஆங்கிலத்தில்.

மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

"அக்காவுக்கே வார்த்தை கிடைக்கலையா? இன்னிக்கு மழைதான்" என்று முணுமுணுத்தார் வாசல் சேவகர்.

தாமாக விளக்கம் சேர்க்க மொழிபெயர்ப்பாளருக்கு உரிமை கிடையாது. நீதிபதியிடமே பொருள் கேட்டார். நீதிபதிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. லத்தீனில் விரும்புவதைக் குறிக்கும் வினைச்சொல்லிலிருந்து வந்ததாம். முற்கால மத அறிஞர்கள் கையாண்டதாம். செயலில் இறங்கும் அளவுக்கு வலுவில்லாத ஆசைக்கு அந்தப் பெயராம்.

தையல்காரியின் பக்கம் குனிந்து இவர் சொன்னார்: "ஆசை இருக்கு. ஆனா ஆளை எழுப்பி நடக்க வைக்கிற அளவுக்கு இல்ல."

"அப்ப அவரு பொய் சொல்றாராக்கா?"

அதற்கும் இவர் பதில் சொல்லக்கூடாது. கேள்வியை நீதிபதிக்கு ஆங்கிலத்தில் கடத்தி, அவர் பதிலைத் தமிழாக்கிச் சொன்னார். "பொய் இல்ல. நிஜமான ஆசைதான். அதுதான் சிக்கலே."

தையல்காரி எதிர்ப்பக்கம் பார்த்தாள். கணவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொய்யா இருந்தா எப்பவோ உதறிட்டுப் போயிருப்பேன். நிஜமாத்தானே ஆசைப்படுறாருன்னு உக்காந்துட்டேன்" என்றாள். "சொல்லிடுங்கக்கா. இதுக்கு மேல என்னால காத்திருக்க முடியாது."

மொழிபெயர்ப்பாளர் நிமிர்ந்து, என்னால் இனி காத்திருக்க முடியாது என்று ஆங்கிலத்தில் சொன்னார். குரல் கம்மிவிட்டது. பதிவு செய்பவர் காதைத் தொட்டுக் காட்டினார். தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்க இன்னொரு முறை சொன்னார்.

அவகாச மனு தள்ளுபடியானது. அவர் தண்ணீர்ப் பாட்டிலைத் திறப்பதற்குள் அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.